கை தொட்டுக் கேட்டவர்

காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டித் தெருவில் இறங்கினால் பால் வாங்க வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். "யாரு அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் அவருக்குக் கட்டம் போட்ட சாரம், அதாவது கைலிதான். வேட்டி கட்டினால் எங்கோ யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தென்காசியில் எங்கள் தெருவுக்குச் செய்தித்தாள் வருவதற்கு முன்னால் அவருடைய வேட்டி வந்துவிடும்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துஷ்டி கேட்பது என்போம். அவர் ஒரு துஷ்டியையும் விட்டதில்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயகிரியில் சித்தப்பா முறை ஒருவர், வாசுதேவநல்லூரில் கூட வேலை பார்த்த டிரைவரின் மாமியார், கீழப்பாவூரில் யாரென்று அவருக்கே சரியாகத் தெரியாத ஒருவர், எல்லாருக்கும் போவார். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மதியம் திரும்பும்போது என் மருந்துக்கடை வாசலில் நின்று, "கல்யாணச் சாவுலே. பேரன் பேத்தியெல்லாம் இருந்துச்சு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நடப்பார். கடைக்குள் வரமாட்டார். துஷ்டி கேட்டு வந்தவர் குளிக்கும்வரை யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார்.

பின்னால் நாங்கள் அவரை ஐஸ் பெட்டி என்போம். பிணம் கெடாமல் வைக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. மதினிதான், அதாவது அவருடைய மனைவி, என் கடைக்கு மாத்திரை வாங்க வரும்போது வாய்விட்டுப் புலம்புவாள். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா மூட்டு வலிக்குதும்பாக. துஷ்டின்னா மட்டும் மனுஷன் பறந்துல்லா போறாக. எனக்கு ஏதும் ஆனாலும் பக்கத்து ஊரு துஷ்டிய முடிச்சிட்டுத்தான் வருவாக" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பு தெருமுனைவரை கேட்கும்.

அவர் துஷ்டி கேட்பதில் பேச்சே கிடையாது. எங்கள் ஊரில் ஆண்கள் துஷ்டி கேட்பது கையைத் தொட்டுத்தான். இறந்தவரின் மகன், தம்பி, மருமகன் எல்லாரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர் இரண்டு கைகளையும் நீட்டி அவர்கள் கைகளைத் தொட்டுவிட்டு நகர்வார். பலருக்கு அது பஸ்ஸில் கம்பியைத் தொடுவது மாதிரிதான். அவர் அப்படி இல்லை. என் அப்பா இறந்த அன்று நான் வாசலில் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொன்னார்கள், வயசு சொன்னார்கள், டாக்டரைக் குறை சொன்னார்கள். இவர் வந்தார். என் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காலையிலிருந்து அழாமல் நின்றவன் அப்போது அழுதேன். அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

பிறகொரு நாள் கேட்டேன், இதில் என்ன அண்ணாச்சி உங்களுக்கு இவ்வளவு பிடிவாதம் என்று. "சாவு வீட்டுல வாயைத் தொறக்கவன் பூராவும் உளறுதான். எனக்குப் பேச வராது. ஆனா அந்தக் கை இருக்குல்லா, செத்தவனுக்கு வேண்டப்பட்டவன் கை, அது சில்லுன்னு கெடக்கும். மத்தியான வெயில்லயும் சில்லுன்னுதான் கெடக்கும். யாராவது பிடிக்கணும்லே" என்றார். அவ்வளவுதான் அவருடைய வேதாந்தம்.

இன்னொன்றிலும் அவர் கறார். துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு முறை இப்படி வருவதாக ஆகிவிடுமாம். ஊரெல்லாம் உள்ள வழக்கம்தான். ஆனால் பழக்கதோஷத்தில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவர் அங்கேயே வைத்து முறைப்பார். அவர் எப்போது கிளம்பினார் என்று எந்தத் துஷ்டி வீட்டிலும் யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவர் நின்ற இடம் காலியாக இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் இருந்த தெருவுக்குத்தான் கொரோனா வந்தது.

முதலில் அது கேரளாவில் வந்தது. செங்கோட்டை தாண்டிப் புளியரையில் லாரிகளை நிறுத்தி மருந்து அடிக்கிறார்கள் என்றார்கள். காய்கறி லாரியில் போய்வருகிற டிரைவர்களைக் கண்டால் ஆட்கள் தெருவின் மறுபக்கத்துக்குப் போனார்கள். பிறகு ஊரடங்கு வந்தது. என் கடை மட்டும் திறந்திருந்தது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சோர்ந்துவிடும். மாஸ்க் இருக்கா, சானிடைசர் இருக்கா, மூக்கு அடைச்சிருக்கு அது கொரோனாவா, வாட்ஸ்அப்பில் ஒரு மாத்திரை வந்திருக்கு அது இருக்கா. ஒரே கேள்விக்கு ஒரு நாளில் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? தெருமுனையில் மூங்கில் கட்டி மறித்தார்கள். வாசல்தோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை செருகினார்கள். அதோடு அசலூர்க்காரன் உள்ளே வரக்கூடாது என்று ஒரு போர்டு. எல்லாம் செய்துவிட்டு மூங்கிலுக்குப் பக்கத்தில் கூட்டமாக உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

அவர் வேறு மாதிரி பயந்தார். மதினிக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. இந்த நோய் வந்தால் அவள் உடம்பு தாங்காது, வெளியே போய்வருகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் அவரைத்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மறுநாளே ஒரு பச்சை வாளியும் குவளையும் சோப்பும் கொண்டுவந்து என் கடை வாசலில் வைத்தார். "ஏலே, கை கழுவாதவனுக்கு மருந்து குடுக்காதே" என்றார். நான் கொடுத்தாலும் அவர் விடவில்லை. கண்டக்டர் குரலில் "கழுவிட்டு ஏறு, கழுவிட்டு ஏறு" என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். வாளியில் தண்ணீர் தீர்ந்தால் அவரே எடுத்து ஊற்றுவார். எனக்கு அதில் ஒரு தலைவலி குறைந்தது.

கீழப்பாவூரில் அவருடைய பெரியம்மா மகன் இறந்தார். பஸ் இல்லை. இருந்தாலும் போயிருக்க மாட்டார். போனில் துஷ்டி கேட்டார். என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசினார். "ஆமா... ஆமா... கேள்விப்பட்டேன்..." என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. போனை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கருமத்துல எங்கன கையப் பிடிக்க?" என்றார். அன்றும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார் என்று மதினி பிறகு சொல்லிச் சிரித்தாள். போனில் கேட்ட துஷ்டிக்கு!

சாரல் தொடங்கிய நேரத்தில் என் கடைக்கு எதிரே இருந்த மாவு மில்காரர் மாரடைப்பில் இறந்தார். மில்லும் வீடும் ஒன்றுதான். கொரோனா இல்லை, பழைய இதயக் கோளாறு. ஆனாலும் தெரு யோசித்தது. மகன் வாசலில் தனியாக மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றான். ஜனங்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்களே தவிர யாரும் ரோட்டைக் கடக்கவில்லை.

அவர் வெள்ளை வேட்டியில் வந்தார். என் கடை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். எதிரே மில். நடுவில் ரோடு. கடக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. மதினியை நினைத்துத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "வேண்டாம் அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"இரு. நான் இங்கன நின்னே கேட்டுக்கிடுதேன்" என்றார்.

பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி இரண்டு கைகளையும் மில்லைப் பார்த்து நீட்டினார். மில்காரர் மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனும் அந்தப் பக்கம் நின்று கைகளை நீட்டினான். நடுவில் ரோடு கிடந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பையன் தோள் குலுங்க அழ ஆரம்பித்தான். அதைப் பார்த்த தெருவும் ஒவ்வொருவராக ரோட்டோரம் வந்து, தள்ளித் தள்ளி நின்று, கையை நீட்டித் துஷ்டி கேட்டது. எனக்கு ஊரை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு கட்டுப்பாடாக ஒரு சாவு எங்கள் தெருவில் நடந்ததே இல்லை.

அடக்கத்துக்கு வண்டி போனது. துஷ்டி முடிந்தது. முடிந்தால் குளிக்க வேண்டும். மில்லுக்கு வெளியே ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. தெருவில் எந்தச் சாவு என்றாலும் ஆண்கள் அதில்தான் குளிப்பார்கள், ஏனென்றால் குளியலறை வீட்டுக்குள் இருக்கிறது, குளிக்காமல் வீட்டுக்குள் போகக்கூடாது. காலையெல்லாம் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் மாஸ்க்கைக் கழற்றி மில் கேட்டில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். தொட்டியைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே குவளையை மாற்றி மாற்றி மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். காலையில் எப்படித் தள்ளித் தள்ளி நின்றோம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அவரும் ரோட்டைக் கடந்து போய் அந்தக் கூட்டத்தில் நின்று குளித்தார். தள்ளி நின்று கேட்டாலும் துஷ்டி துஷ்டிதானே. யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை, நான்தான் படித்து மருந்து விற்கிறவன்.

ஒரு வாரத்துக்குள் தொட்டியில் குளித்தவர்கள் ஒவ்வொருவராக இருமினார்கள். வேன் வந்தது, மூக்கில் குச்சி விட்டார்கள், தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். அவருக்குக் காய்ச்சல் இல்லை. பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நம்பவில்லை. போர்வையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். சாரல் அடிக்கிற காலம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தார். சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவாள். மதினி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துப் பேசுவாள்.

"இறங்கி வாங்க. சளி பிடிச்சுச் சாவப் போறீக."

"நீ உள்ள போ. காத்துல பரவும்ங்கான்."

"இத்தன வருஷம் ஊரான் வீட்டுத் துஷ்டிக்கு ஓடுனீக. இப்ப எனக்குத் துணைக்கு இருங்கன்னா மாடியில போய் இருக்கீக."

 எங்கள் வீட்டு மாடியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்கும். ஒரு நாள் நான் இந்தப் பக்கமிருந்து, உங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே, இறங்குங்கள் என்றேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன் கையத் தொடாம இந்தப் பக்கம்தானலே நின்னேன். குளிக்கதுக்குன்னு அந்தப் பக்கம் போனேன் பாத்தியா. புத்தி எங்க போச்சு எனக்கு?" அதை எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. அலுத்தாலும் கேட்டேன், வேறு யாரிடம் சொல்வார்?

டயாலிசிஸுக்கு மட்டும் ஆம்புலன்ஸ் தகரத்துக்கு வெளியே வந்து நிற்கும். மதினி தனியாக நடந்து போய் ஏறுவாள். அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஆடி பிறந்த பிறகு ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட்டதும்தான் அவர் மாடியிலிருந்து இறங்கினார். கொரோனா இல்லை என்று பரிசோதனை சொன்னது. பழைய வியாதிதான் கொண்டுபோனது. அவள் உள்ளே கிடந்த நேரத்தில் அவர் மாடியில் இருந்தார். அவள் சொல்லிச் சிரித்த பக்கத்து ஊர்த் துஷ்டிகூட இல்லை.

அதற்குள் எங்கள் தெருவில் தகரத்தை எடுத்திருந்தார்கள். அன்று காலை தெருவே அவர் வீட்டு முன்னால் வந்துவிட்டது. மில்காரர் வீட்டுக்குக் கடக்காத ரோட்டை அவருக்காகக் கடந்தார்கள். யார் வீட்டுச் சாவுக்கு அவர் போகவில்லை? நீ முந்தி நான் முந்தி என்று வந்தார்கள், இருமி முடித்து எழுந்தவர்கள் உட்பட.  மில்காரர் மகன்தான் முன்னால் நின்றான், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

அவர் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். உள்ளே நின்றபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வராதீங்கலே. போங்க எல்லாரும்."

"அண்ணாச்சி, கையை மட்டும் தொட்டுட்டு..." என்றான் அவன்.

"கையத் தொட்டா குளிக்கணும். நீங்க எல்லாரும் சேந்து அந்தத் தொட்டிக்குப் போவீங்க. உங்க வீட்டுல மேலுக்கு முடியாதவங்க யாரும் இல்லையா? போங்கலே. என் துஷ்டிய யாரும் கேக்காண்டாம்."

திட்டித்தான் அனுப்பினார். கெட்ட வார்த்தையும் சொன்னார். சிலருக்குக் கோபமே வந்தது. இத்தனை வருஷம் ஊர் வீட்டுக்கெல்லாம் போய்விட்டு, தன் வீட்டுக்கு வந்தவனை விரட்டுகிறாரே என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அவர் கேட்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கட்டிய கையின் விரல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். 

ஓசூரிலிருந்து அவருடைய மகள் இ-பாஸ் வாங்கி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாம்பலைச் சிற்றாற்றில் கரைத்துவிட்டு, குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் வீடு ஏறுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மகளோடு ஆட்டோவில் போனார். நான் பைக்கில் பின்னால் போனேன். மெயின் அருவி அந்தச் சீசனில் கொட்டிய மாதிரி நான் பார்த்ததில்லை. நேந்திரம் சிப்ஸ் கடை, துண்டு கடை எதுவும் இல்லை. அவ்வளவு தண்ணீரும் சும்மா விழுந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். "பெரியவரே, ஒருத்தர விட்டா நூறு பேர் வருவாங்க" என்றார் போலீஸ்காரர், பாவமாகத்தான்.

நான் பேச வாயெடுத்தேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "அவரு சொல்லது சரிதாம்லே. ஒருத்தன் குளிச்சா ஒம்பது பேர் குளிப்பான். நமக்குத் தெரியாதா?" என்றார். ஆட்டோவில் ஏறிவிட்டார். வீட்டு வாசலில் மகள் வைத்த ஒரு வாளித் தண்ணீரில் தனியாகக் குளித்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளை வேட்டி கட்டவில்லை. யார் இறந்தார்கள் என்று நாங்களும் அவரிடம் சொல்வதில்லை. மகள் அவரோடு வீட்டில் இருந்துகொண்டே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். என் கடை வாசலில் வாளி மட்டும் இருந்தது. கழுவிட்டு ஏறு என்று சொல்ல ஆளில்லாததால் கொஞ்ச நாளில் யாரும் கழுவவில்லை. தண்ணீர் ஊற்றுவது என் வேலையானது. சில நாள் ஊற்றுவேன், சில நாள் சலித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

பஸ் ஓட ஆரம்பித்து, தீபாவளியும் கழிந்த பிறகு ஒரு சாயங்காலம் அவர் வந்தார். வெள்ளை வேட்டி.  "யாரு அண்ணாச்சி?" என்றேன், பழைய பழக்கத்தில்.

அவர் குனிந்து வாளியில் தண்ணீர் மொண்டு, சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். துண்டில் துடைத்தார். மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். படியேறி வந்து கவுண்டருக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இப்பக் கேளு" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. "பதினாறு கழிஞ்சு எவ்வளவோ ஆச்சே அண்ணாச்சி. பதினாறுக்குப் பிறகு துஷ்டி கேக்கக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக."

"நான் சொன்னதுதான். இப்பவும் நான்தான சொல்லுதேன். கேளுலே."

நான் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தேன். கையைக் கழுவிக்கொண்டு அவர் கைகளைப் பிடித்தேன். அவர் சொன்னது உண்மைதான், சில்லென்று கிடந்தன. கழுவிய ஈரத்தால் என்று நினைத்தேன், ஈரம் காய்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தன. மதினியின் சிரிப்பைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் உளறலாகத்தான் இருக்கும் என்று பேசாமல் நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். மாஸ்க் நனைந்தது. மருந்து வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்.

பிறகு கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார். ரோட்டைக் கடந்து மில்லுக்குப் போனார். அங்கே தொட்டியில் கை கழுவிவிட்டு மில்காரர் மகன் முன்னால் கையை நீட்டுவதைக் கடையிலிருந்து பார்த்தேன். அப்படியே வீடு வீடாகத் தெருவின் கடைசிவரை போனார். அன்று விரட்டிய ஒவ்வொருவரிடமும் போனார்.

மறுநாள் காலை அவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. விடிகிற நேரத்தில் மகள் கார் பிடித்து அவரை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். வீட்டை விலை பேசியாகிவிட்டது, இனி வரமாட்டார் என்று பால்காரர் சொன்னார். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, வீடு வீடாக வந்தவர் ஒருவரிடமாவது போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று தெருவுக்கே ஆற்றாமை.

எனக்கு அந்த ஆற்றாமை இல்லை. எந்தத் துஷ்டி வீட்டிலிருந்தும் அவர் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.